துண்டு எண்ணிய கை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று நான்கு மாதமாக மனசில் கிடக்கிறது. கீழே வரும் புகழ்ச்சியில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. இரண்டு நாள் அங்கே ஏறி இறங்கியவன், பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். அவளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். என்றாலும் பிள்ளைக்கு முடியிறக்குவதும் காது குத்துவதும் கோட்டை மாரியம்மன் கோயிலில்தான் என்று, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நேர்ந்துகொண்டவள். அவள் வீட்டுச் சனம் பதினாறு பேர். என் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். வந்தவர்களுக்குக் கால் நீட்ட இடம் பத்தாது என்று லாட்ஜில் என் பெயரில் மூன்று ரூம் போட்டேன். வரச் சொன்னவனும் நான், அங்கே தங்க வைத்தவனும் நான். இன்றைக்கு வரைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

அந்த லாட்ஜில் முதலில் என்னைக் கவர்ந்தது அவர்களுடைய கணக்கு. சாவி கொடுத்ததும் ரூம் பாய் கூடவே வந்தான். கையில் அட்டையில் செருகிய ஒரு தாள். போர்வை இரண்டு, தலையணை உறை இரண்டு, துண்டு இரண்டு, பக்கெட் ஒன்று, மக் ஒன்று, ரிமோட் ஒன்று என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, தாளில் டிக் அடித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். துண்டின் ஓரத்தில் லாட்ஜ் பெயரைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். பிசிறில்லாத தையல். டிவியைச் சுவரில் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சட்டத்துக்கு ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். பாத்ரூம் மக்கைக் குழாயோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள். வராந்தா பல்புகளுக்குக் கம்பிக் கூண்டு. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் வைத்த மூலைக்கு கிரில் கதவு. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாங்காய்ப் பூட்டு.

அந்தப் பூட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் பெரியப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். உள்ளே போகும் லீவர் தகடுகளை ஒவ்வொன்றாக ராவி, சாவியின் பல்லோடு ஒத்துப்போகிற வரைக்கும் போட்டுப் போட்டுப் பார்ப்பார். ஒரு பூட்டுக்கு ராவிய சாவி இன்னொரு பூட்டில் சேராது. அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கிய பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. சின்னப் பிள்ளையாக நான் பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வார்: "பூட்டு விக்கிறவன் சாவியையும் சேத்துத்தான்டா விக்கிறான். ஒரு சாவிய கைல வச்சுக்கிட்டான்னா, அப்புறம் அந்த வீட்ல என்ன போனாலும் அவன்தான் பதில் சொல்லணும்."

அந்தப் பேச்சு லாட்ஜ் கவுண்டருக்கு வந்ததும் நினைவுக்கு வந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு மேல் ரூம் நம்பர், ஒவ்வொரு கொக்கியிலும் இரண்டு சாவி. ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு. பலகைக்கு மேலே மஞ்சள் பெயின்டில் அழகான எழுத்து: வெளியே செல்லும்போது சாவியைக் கவுண்டரில் ஒப்படைக்கவும். அதற்குக் கீழேயே, அதே கையால், அதே பெயின்டில்: தங்கள் விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இரண்டு வரியையும் எழுதிய ஓவியர் நல்ல கைக்காரர். சாலையைத் தாண்டி நின்றாலும் படிக்கலாம்.

ஆதார் அட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்ததிலும் குறை சொல்ல முடியாது. பதினாறு பேருக்கும் எடுத்தார்கள். ஒன்பது மாதக் குழந்தையைக்கூட ரிஜிஸ்தரில் எழுதினார்கள். குழந்தைக்கு வெந்நீர் என்று காலை ஐந்து மணிக்குக் கேட்டதற்கு, அந்த ரூம் பாய் முகம் சுளிக்காமல் இரண்டு பக்கெட் சுமந்து வந்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. சீரகச் சம்பா பிரியாணி, கிடாக்கறி. பிள்ளை அழுதழுது என் சட்டையெல்லாம் ஈரம். மத்தியானம் மொய் எழுதினோம். இந்தச் சீமையில் மொய் எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மொய் என்பது வாங்கிக்கொண்டு மறந்துவிடும் அன்பளிப்பு கிடையாது. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அந்தத் தொகையும் அதற்கு மேலே ஒரு நூறோ இருநூறோ சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பேச்சு வரும், உறவு முறியும். ஆக, அன்றைக்கு விழுந்த 64,200 ரூபாயும் தங்கச்சி அடுத்த பத்து இருபது வருஷத்துக்கு வாங்கிய கடன். அதோடு பிள்ளைக்கு வந்த இரண்டு மோதிரம், ஒவ்வொன்றும் ஒரு கிராம்.

பணத்தையும் மோதிரத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, ரூமில் இருந்த ஸ்டீல் பீரோவில் பூட்டிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போனோம். போகும்போது மச்சான் ரூம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கவுண்டரில் இருந்தவர் கூப்பிட்டார். "சார், சாவி." மச்சான் திரும்பி வந்து கொடுத்தார். அவர் வாங்கி, நம்பர் பார்த்து, கொக்கியில் மாட்டினார். அந்த ஒழுங்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எட்டரை மணிக்குத் திரும்பினோம். ரூம் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவியை வாங்கித் திறந்தோம். பீரோ கதவு ஒருக்களித்து நின்றது. மஞ்சள் பை கட்டில் மேல் காலியாகக் கிடந்தது. மொய் நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. எடுத்தவனுக்கு அது தேவைப்படவில்லை. தங்கச்சி நோட்டைக் கையில் எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மூடினாள். "அண்ணே, இத்தன பேருக்கும் நான் திருப்பி வைக்கணுமேண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

கதவு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. கீழே இறங்கி மேனேஜரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை, கத்தவும் இல்லை. மரியாதையான மனுஷர். எழுந்து நின்றுதான் பேசினார். "சார், எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா போர்டு பாத்தீங்கல்ல?" என்றார். கேமரா இருக்கிறதே என்றேன். இருந்தது, நல்ல கேமரா. அவரே போட்டுக் காட்டினார். படம் அவ்வளவு தெளிவு, கல்லாப் பெட்டியில் விழும் நோட்டு இருநூறா ஐநூறா என்று சொல்லிவிடலாம். கேமரா கல்லாவைப் பார்த்திருந்தது. சாவிப் பலகை அதன் முதுகுப் பக்கம். மாடி வராந்தாவில் கேமரா இல்லை.

"ரயில்ல பெட்டி போனா ரயில்வே குடுக்குதா சார்?" என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்வி என்பதால் பிறகு அதை ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ரயிலில் வந்த ஒரு துணி வியாபாரி இடுப்பு பெல்ட்டில் ஒரு லட்சம் ரூபாய் கட்டியிருந்தார், திருடு போயிற்று. பயணி தன் உடம்போடு வைத்திருந்த பணத்தைக் காப்பாற்றத் தவறினால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்றது நீதிமன்றம். சரிதான். அந்த வியாபாரியிடம் அவருடைய பெல்ட்டின் கொக்கியை யாரும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கதைக்கு நெருக்கமானது வேறொரு வழக்கு. 1998 ஆகஸ்ட் 1, டெல்லி தாஜ்மகால் ஓட்டல். ராத்திரி பதினோரு மணிவாக்கில் ஒருவர் மாருதி ஜென் காரில் வருகிறார். வாசலில் காரையும் சாவியையும் ஓட்டல் பணியாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். ஒரு மணிக்கு வெளியே வந்தால் கார் இல்லை. இன்னொரு காரில் வந்த மூன்று பையன்கள், தங்கள் காரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் மேஜை மேல் இருந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஓட்டல் மேல் வழக்குப் போட்டது. ஓட்டல் தரப்பு காட்டியது பார்க்கிங் டோக்கனை. நிறுத்துபவர் தன் சொந்தப் பொறுப்பில் நிறுத்துகிறார் என்று அதில் அச்சடித்திருந்தது. எங்கள் லாட்ஜ் சுவரில் மஞ்சள் பெயின்டில் இருந்ததுதான், அங்கே சின்ன அட்டையில்.

2019 நவம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் ஓட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இருபத்தோரு வருஷம் ஓடியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்ட கணமே பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமையும் வந்துவிட்டது. தன்னுடைய அல்லது தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு ஒரு அட்டையைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது. கவனமாகத்தான் இருந்தோம், எங்கள் கையை மீறி நடந்தது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது ஓட்டல், பறிகொடுத்தவர் இல்லை. பார்க்கிங் இலவசம்தானே என்ற வாதமும் எடுபடவில்லை. அந்தச் செலவு ரூம் வாடகையிலும் சாப்பாட்டு விலையிலும் ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்றார்கள்.

எங்கள் மேனேஜர் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். காரை ஓட்டல் ஆள் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் பையை எங்களிடம் யார் கொடுத்தார்கள் என்று கேட்பார். பையை யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பை இருந்த ரூமின் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் கொக்கியில் அதற்கு ஜோடிச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1922-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜான் அண்ட் சன் என்ற ஓட்டல்காரர் இதே வகை வழக்கில் நின்றார். விருந்தாளி சாப்பிடப் போன நேரத்தில் அறையில் இருந்த பொருள் களவு போயிற்று. அறை பத்திரமாக இல்லை என்பது ஓட்டல்காரருக்குத் தெரிந்தே இருந்ததால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. இங்கிலாந்திலும் ஓட்டல்காரர் போர்டு வைக்கலாம், 1956-ம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது. வைத்தால் ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, ஒருவருக்கு மொத்தம் 100 பவுண்டு என்று பொறுப்புக்கு ஒரு வரம்பு கிடைக்கும். அவருடைய ஆளின் தவறால் போயிருந்தால் அந்த வரம்பும் கிடையாது. பொறுப்பே இல்லை என்று கை கழுவ அங்கே எந்த போர்டாலும் முடியாது.

வக்கீல் நண்பர் காட்டிய சட்டப் பிரிவுதான் இந்தப் புகழ்ச்சியை எழுத வைத்தது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. அடுத்தவர் பொருளைப் பொறுப்பில் வாங்கியவர் அதை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரே ஓர் அளவுகோல்தான்: அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை, சாதாரண புத்தியுள்ள ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

படித்ததும் எனக்கு அந்த ரூம்தான் கண் முன்னே வந்தது. சட்டத்துக்குள் டிவி. சங்கிலியில் மக். கூண்டுக்குள் பல்பு. இன்வெர்ட்டருக்கு மாங்காய்ப் பூட்டு. கல்லாவுக்கு நேரே கேமரா. சிவப்பு நூல். தன் பொருளை எப்படிக் காப்பது என்பதில் அந்த நிர்வாகத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரில் அதைவிடக் கவனமான இடத்தை நான் பார்த்ததில்லை. காக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லி அவர்களை மன்னித்துவிட எனக்கு வழியில்லை. காக்கத் தெரியும். நூற்றைம்பது ரூபாய்த் துண்டை எப்படிக் காக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், விருந்தாளி சாவியைத் தொங்கவிட்ட பலகைக்கு ஒரு கண்ணாடிக் கதவு போடவில்லை. ஜோடிச் சாவியை உள்ளே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்க, பூட்டுக்குப் பேர் போன இந்த ஊரில் எத்தனை தூரம் நடக்க வேண்டும்?

நம் பக்கத்தில் இந்தக் கடமைக்குச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சொல் இருக்கிறது, அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி வசதிக்காரி இல்லை. மோர் விற்கிறவள். கண்ணகிக்குத் தனியாக வீடு ஒழித்துக் கொடுத்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். பிறகு கண்ணகியின் கணவன் கோவலன் திருட்டுப் பழியில் கொல்லப்பட்டான். திருடியது பொற்கொல்லன், தவறு செய்தது அரசன். மாதரி மேல் யாரும் விரல் நீட்டவில்லை. ஆனாலும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினோமே என்று அவள் தீயில் விழுந்து உயிரை விட்டாள். யாரும் தீயில் விழ வேண்டாம். பேச்சு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தருகிறோம் என்ற சொல் வந்திருந்தால்கூட, தங்கச்சி மாமியார் அன்றைக்கு அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அப்படி அழுதிருக்க மாட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். எப்.ஐ.ஆர். வேண்டும் என்று நின்று வாங்கினோம். நுகர்வோர் வழக்குக்கு அது உதவும். சி.எஸ்.ஆரோடு திருப்தியாகிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் சொல்கிறேன். புகாரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. நாம் கட்டிய வாடகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் ஒன்றும் கிடையாது. யாருடைய லாட்ஜோ அவர் ஊருக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் ஒரு ராத்திரி தங்குகிறார்கள். பொருள் போனால், போர்டைப் பார்த்துவிட்டு, காலையில் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நாங்களும் மறுநாள் ரூமைக் காலி செய்தோம். ரூம் பாய் தாளோடு வந்து எண்ணினான். தலை நிமிர்ந்து என்னைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. போர்வை சரி, உறை சரி, ரிமோட் சரி. ஒரு துண்டு குறைந்தது. காது குத்தியபோது ரத்தம் வந்ததென்று தங்கச்சி பிள்ளையைச் சுற்றித் தூக்கிப்போனது, கோயிலிலேயே எங்கோ விட்டுப்போயிருந்தது. மேனேஜர் கார்பன் வைத்து பில் எழுதினார். வாடகை மூன்று ரூமுக்கு இரண்டு நாள். வெந்நீர் தனி. அதற்கு அடுத்த வரி: துண்டு 1, ரூ.150. நான் கொடுத்தேன். அவர்கள் பொருள் என் பொறுப்பில் இருந்தது, என் ஆளின் கவனக்குறைவில் போயிற்று, அதற்கு நான் பணம் கட்டியது முறைதான்.

ஆணையத்தில் கொடுத்த மனுவோடு அந்த பில்லையும் சேர்த்திருக்கிறோம். மொய் நோட்டைப் பொறுத்தவரை ஜெராக்ஸ்தான் வைத்தோம். அசல் தங்கச்சியிடம் இருக்கிறது. போன வாரம் வேடசந்தூரில் ஒரு கல்யாணம். முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி, அவர்கள் எவ்வளவு வைத்திருந்தார்கள் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். 1,001. மறுநாள் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து 1,201 எழுதிவிட்டுப் போனாள். தங்கவில்லை.